வேலைக்குப் போய்க்கொண்டே இக்னோவில் படிப்பவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பகலில் வேலை, மீதி நேரத்தில் டிகிரி என்று ஓடிக்கொண்டிருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறோம். கணக்குகள் எல்லாம் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தை (இக்னோ) வைத்துப் போட்டவை. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலோ வேறு இடத்திலோ கரஸில் படிப்பவர்களுக்கும் படிக்கும் முறை பற்றிய பதில்கள் பொருந்தும். மதிப்பெண்ணையும் தேதிகளையும் மட்டும் உங்கள் மாணவர் கையேட்டில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வாரத்துக்கு எத்தனை மணி நேரம் படிக்க வேண்டும்?

இக்னோவில் 1 கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு. புத்தகம் வாசிப்பது, அசைன்மென்ட் எழுதுவது, ஸ்டடி சென்டர் வகுப்புக்குப் போவது, தேர்வுக்குத் தயாராவது எல்லாம் இதற்குள் அடக்கம். அப்படியானால் 6 கிரெடிட் பாடத்துக்கு 180 மணி நேரம். ஒரு செமஸ்டரில் 22 கிரெடிட், அதாவது நான்கு பாடம், எடுத்தவருக்கு 660 மணி நேரம். 26 வாரங்களுக்குப் பிரித்தால் வாரத்துக்கு 25 மணி நேரம் வருகிறது.

8 மணி நேர வேலை, 2 மணி நேர பஸ் பயணம், அதற்கு மேல் வீட்டு வேலை என்று இருப்பவருக்கு வாரத்தில் 25 மணி நேரம் கிடைக்காது. இதை முதலிலேயே ஒத்துக்கொள்வது நல்லது. பலர் வாரத்துக்கு 6 மணி நேரம் படித்துவிட்டு நான்கு பாடத்துக்கும் தேர்வுக் கட்டணம் கட்டுகிறார்கள். நான்கும் அரைகுறையாகிறது, இரண்டு போகிறது, மனம் விட்டுப்போகிறது.

இளநிலைப் படிப்பை முடிக்கக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. இரண்டு ஆண்டு முதுநிலைப் படிப்பை 4 ஆண்டு வரை நீட்டலாம். தேர்வுக்குப் பாடம் பாடமாகத்தான் பதிவு செய்கிறோம். ஜூனில் இரண்டு, டிசம்பரில் இரண்டு என்று பிரித்து எழுத எந்தத் தடையும் இல்லை. வாரத்துக்கு 11 மணி நேரம் விடாமல் படிக்க முடிந்தால் 26 வாரத்தில் 286 மணி நேரம். 6 கிரெடிட் பாடம் ஒன்றுக்கு இது தாராளம். இரண்டுக்குக் கொஞ்சம் இழுத்துப் பிடிக்க வேண்டும். நான்குக்குப் போதாது.

எனக்கு உண்மையில் எத்தனை மணி நேரம் கிடைக்கும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். மனக்கணக்கு இதில் எப்போதும் ஏமாற்றும். நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒவ்வொரு இரவும் அன்றைய நாளை அரை மணி நேரத் துண்டுகளாகக் குறியுங்கள். வார முடிவில் இரண்டு வகையாகப் பிரியுங்கள். உட்கார்ந்து பேனா பிடிக்க முடிந்த நேரம் ஒன்று. கை வேலையாக இருந்தாலும் காது சும்மா இருக்கும் நேரம் மற்றொன்று: பஸ், பாத்திரம் கழுவுவது, துணி மடிப்பது. முதலாவதைப் பேனா நேரம், இரண்டாவதைக் காது நேரம் என்று வைத்துக்கொள்வோம். திட்டத்தில் கணக்கில் எடுக்க வேண்டியது பேனா நேரத்தை மட்டுமே. காது நேரம் மேற்கொண்டு கிடைக்கும் லாபம்.

வந்த பேனா நேரத்தில் நான்கில் ஒரு பங்கைக் கழித்துவிடுங்கள். விருந்தாளி, காய்ச்சல், மின்தடை, திடீர் ஓவர்டைம் இவற்றுக்கெல்லாம் அதுதான் ஒதுக்கீடு.

ஷிப்ட் வாரத்துக்கு வாரம் மாறுகிறது. நிலையான நேர அட்டவணை போடவே முடியவில்லை.

மூன்று ஷிப்டுக்கும் ஒரே அட்டவணை போடுவதுதான் இங்கே நடக்கும் தவறு. மூன்று அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டுங்கள், அந்தந்த வாரம் அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

காலை ஷிப்ட், அதாவது 6 முதல் 2 வரை என்றால், வீட்டுக்கு வந்து சாப்பிட்டதும் புத்தகத்தைத் திறக்காதீர்கள். 20 நிமிடம் அலாரம் வைத்துப் படுங்கள். அதற்கு மேல் தூங்கினால் எழும்போது தலை கனக்கும், படிப்பு ஓடாது. 4 முதல் 6 வரை படிப்பு. அதிகாலை 3 மணிக்கு எழுந்து படிக்கிறேன் என்று இந்த வாரத்தில் இறங்க வேண்டாம். 6 மணிக்கு மெஷின் முன் நிற்க வேண்டிய உடம்பு அது.

மதிய ஷிப்ட், 2 முதல் 10 வரை, மூன்றிலும் படிப்புக்கு ஏற்றது இதுதான். காலை 8 முதல் 10:30 வரை மூளை தெளிவாக இருக்கும். கடினமான அலகுகளையும் அசைன்மென்ட் எழுதுவதையும் இந்த வாரத்துக்கு ஒதுக்குங்கள்.

நைட் ஷிப்ட் முடிந்து காலையில் வந்ததும் ‘கொஞ்சம் படித்துவிட்டுத் தூங்கலாம்’ என்று உட்காருவதில் பயனில்லை. வாசித்தது தங்காது, தூக்கமும் கெடும். 7:30 முதல் 2:30 வரை ஜன்னலுக்குக் கெட்டித் துணி போட்டுத் தூங்குங்கள். மாலை 4:30 முதல் 6 வரை லேசான வேலை மட்டும்: பழைய குறிப்பைச் சோதித்துப் பார்ப்பது, அசைன்மென்ட் முகப்புப் பக்கம் எழுதுவது. ஷிப்ட் மாறும் நாளன்று படிப்பு பூஜ்யம். அதையும் அட்டவணையிலேயே எழுதிவிடுங்கள், குற்ற உணர்ச்சி இராது.

அசைன்மென்ட் கடைசித் தேதி எப்போதும் வேலை அதிகமான மாதத்தில்தான் வருகிறது. என்ன செய்வது?

இது தற்செயல் அல்ல, ஒவ்வொரு ஆண்டும் நடப்பது. ஜூன் தேர்வுக்கான அசைன்மென்ட் கெடு பெரும்பாலும் மார்ச் அல்லது ஏப்ரல் இறுதி. டிசம்பர் தேர்வுக்குச் செப்டம்பர் அல்லது அக்டோபர் இறுதி. கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு மார்ச் என்றால் ஆண்டுக் கணக்கு முடிப்பு. ஜவுளிக்கடையில் நிற்பவருக்குச் செப்டம்பர், அக்டோபர் என்றால் தீபாவளிக் கூட்டம். பட்டாசு, பனியன் கம்பெனிகளிலும் அதே கதை.

ஆகவே முதலில் வேலையின் காலண்டரை விரித்துவைத்து, நெரிசல் வாரங்களைச் சிவப்பில் அடித்துவிடுங்கள். ஜவுளிக்கடை ஊழியருக்கு ஆடித் தள்ளுபடி முடிந்து தீபாவளி விற்பனை சூடு பிடிப்பதற்கு முன், ஆகஸ்ட் பாதியிலிருந்து செப்டம்பர் பாதிவரை ஒரு மாத இடைவெளி இருக்கிறது. அசைன்மென்ட் எழுத அதுதான் காலம். கணக்குப் பிரிவினர் பிப்ரவரி 20-க்குள் முடிக்கப் பார்க்க வேண்டும். கெடு பல முறை நீட்டிக்கப்பட்டிருக்கிறது என்பது உண்மை. அந்த நீட்டிப்பை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

நாலு தடவை படித்தும் தேர்வில் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. மறதி நோயா?

இல்லை. படித்ததையே திரும்பப் படிக்கும்போது வரிகள் பழகிப்போகின்றன. பழகியதைத் தெரிந்ததாக மனம் எடுத்துக்கொள்கிறது. தேர்வில் வரி கண்முன் இருக்காது, நாமே வரவழைக்க வேண்டும். அந்தப் பயிற்சி நடக்கவே இல்லை.

2006-ல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதியை மீண்டும் படித்தவர்கள், படித்த 5 நிமிடத்தில் வைத்த சோதனையில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த சோதனையிலோ, மீண்டும் படிக்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். நமக்குத் தேர்வு 5 நிமிடத்தில் வருவதில்லை.

செய்முறை இதுதான். புத்தகத்தில் ஓர் உட்தலைப்பு, சுமார் 4 பக்கம், பென்சிலால் கோடு போடாமல் ஒரு முறை நிதானமாக வாசியுங்கள். மூடுங்கள். பழைய தாளில் 5 நிமிடம், நினைவில் இருப்பதை எல்லாம் துண்டு துண்டாக எழுதுங்கள். வாக்கியம் வேண்டாம், வரிசையும் வேண்டாம். பிறகு திறந்து, விட்டுப்போனதைச் சிவப்பு மையில் சேருங்கள். அடுத்த முறை பார்க்க வேண்டியது அந்தச் சிவப்பை மட்டுமே. முதல் தடவை தாளில் பாதிக்கு மேல் சிவப்பாகத்தான் இருக்கும். சோர்ந்துபோக வேண்டாம், அந்தச் சிவப்புதான் நாலு தடவை வாசித்தும் கண்ணில் படாமல் போனது.

அதே தலைப்பை மறுநாள், 4-ஆம் நாள், 11-ஆம் நாள், ஒரு மாதம் கழித்து என்று இதேபோல் வெறும் தாளில் எழுதிப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் 5 நிமிடம் போதும். தாளின் மேல் மூலையில் அடுத்த தேதியைக் குறித்து, தேதிவாரியாகக் கிளிப்பில் மாட்டிவைத்தால் இன்று எதைப் பார்க்க வேண்டும் என்று யோசிக்கவே வேண்டாம்.

இக்னோ புத்தகத்திலேயே இதற்கு வசதி இருக்கிறது, பெரும்பாலானோர் தாண்டிப்போய்விடுகிறார்கள். ஒவ்வொரு அலகின் நடுவிலும் ‘செக் யுவர் ப்ராக்ரஸ்’ என்று கேள்விகளும் கீழே கோடு போட்ட காலி இடமும் இருக்கும். அலகின் முடிவில் விடைக் குறிப்பு இருக்கும். அந்தக் காலி இடத்தை நிரப்பாமல் ஓர் அலகை முடித்ததாகக் கணக்கு வைக்காதீர்கள்.

அசைன்மென்ட்டுக்கு இவ்வளவு நேரம் செலவழிக்க வேண்டுமா? தேர்வுதானே முக்கியம்?

இறுதி மதிப்பெண்ணில் பெரும்பாலான பாடங்களுக்கு அசைன்மென்ட் 30 சதவீதம், தேர்வு 70 சதவீதம். ஆனால் எங்கள் காரணம் அந்த 30 அல்ல. நேரம் குறைவாக உள்ளவருக்கு அசைன்மென்ட்டும் தேர்வுத் தயாரிப்பும் ஒரே வேலையாகிவிட வேண்டும் என்பதே.

இளநிலைக் கலைப் பாடங்களில் பழக்கமான ஓர் அமைப்பைப் பாருங்கள். 500 சொல் விடை இரண்டு, ஒவ்வொன்றும் 20 மதிப்பெண். 250 சொல் விடை மூன்று, தலா 10. 100 சொல் விடை ஐந்து, தலா 6. மொத்தம் 2,250 சொல். ஆங்கிலத்தில் சாதாரணமாகக் கையால் எழுதும் வேகம் நிமிடத்துக்கு 15 சொல் என்றால் வெறுமனே பார்த்து எழுதவே இரண்டரை மணி நேரம். நான்கு பாடத்துக்கு 10 மணி நேரம். கடைசி வாரத்தில் இதைச் செய்பவர் விரல் வீங்க 10 மணி நேரம் எழுதியும் ஒரு வரி மனதில் ஏறாமல் எழுந்திருக்கிறார்.

அந்த 500 சொல் விடை என்பது தேர்வில் 20 மதிப்பெண்ணுக்கு எழுதப்போகும் விடையின் அதே அளவு. ஆகவே ஒவ்வொரு 500 சொல் விடையையும் மூன்று நாளாகப் பிரியுங்கள். முதல் நாள் ஒரு மணி நேரம்: கேள்வி எந்த அலகிலிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து, அந்தப் பகுதியை வாசியுங்கள். இரண்டாம் நாள் அரை மணி நேரம்: புத்தகத்தை மூடி 6 அல்லது 7 குறிப்புகளில் விடையின் எலும்புக்கூட்டை எழுதுங்கள், திறந்து திருத்துங்கள். மூன்றாம் நாள் 45 நிமிடம்: எலும்புக்கூட்டை மட்டும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஏ4 தாளில் நேராகவே எழுதி முடியுங்கள். ரஃப் எழுதிப் பிறகு ஃபேர் எழுதும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், அதற்கு நேரமில்லை. அடித்தல் திருத்தல் நாலைந்து இருந்தால் யாரும் மதிப்பெண் குறைப்பதில்லை.

இப்படிச் செய்தால் 500 சொல் விடைக்கு இரண்டேகால் மணி, 250-க்கு ஒன்றேகால், 100-க்கு அரை மணி. ஒரு பாடம் முழுக்க ஏறக்குறைய 11 மணி நேரம். வாரத்துக்கு 11 மணி நேரம் உள்ளவருக்கு ஒரு பாடம் ஒரு வாரம். பாதுகாப்புக்கு இரண்டு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். எலும்புக்கூட்டுத் தாள்களைத் தூக்கிப் போடாதீர்கள், தேர்வுக்கு முந்தைய வாரத்தில் அவைதான் உங்கள் கைடு.

எழுதி முடித்தும் அசைன்மென்ட் நிராகரிக்கப்படுவது ஏன்?

அதிகம் நடப்பது தவறான ஆண்டுக் கேள்வித்தாளை எடுப்பது. ஒவ்வொரு அசைன்மென்ட் முகப்பிலும் எந்த ஜூலை, எந்த ஜனவரி சேர்க்கைக்கு உரியது என்று அச்சிட்டிருக்கும். நண்பர் அனுப்பிய பிடிஎஃப்பை நம்பி எழுதாமல், பல்கலைக்கழக இணையதளத்திலிருந்து நீங்களே இறக்குங்கள். அடுத்தது முகப்புப் பக்கம்: பதிவு எண், படிப்பின் குறியீடு, பாடக் குறியீடு, ஸ்டடி சென்டர் குறியீடு, பெயர், முகவரி, தேதி, கையெழுத்து. பாடக் குறியீட்டில் ஓர் எழுத்து மாறினால் மதிப்பெண் உங்கள் கணக்கில் ஏறாது.

கொடுக்கும் முன் எல்லாப் பக்கத்தையும் போனில் ஸ்கேன் செய்து வையுங்கள். நேரில் கொடுத்தால் ரசீது வாங்காமல் வராதீர்கள். ஆன்லைனில் ஏற்றினால் ஏற்றிய பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்.

வாட்ஸ்அப் குரூப்பில் விடை எழுதிய அசைன்மென்ட் கிடைக்கிறது. செயற்கை நுண்ணறிவும் எழுதிக் கொடுக்கிறது. பயன்படுத்தலாமா?

வேண்டாம். ஒரே விடை பல தாளில் வந்தால் திருத்துபவருக்குச் சட்டென்று தெரிந்துவிடும். அதைவிட முக்கியம், மேலே சொன்ன 11 மணி நேரப் பயிற்சி உங்கள் கையை விட்டுப் போகிறது, தேர்வு வரும்போது அந்தக் கடனை அடைக்க நேரம் இருக்காது.

செயற்கை நுண்ணறிவைக் கேள்வி கேட்க வையுங்கள். நீங்கள் எழுதிய விடையைக் கொடுத்து, ‘இதில் எந்த வாதத்துக்கு உதாரணம் இல்லை, எது தெளிவாக இல்லை’ என்று கேளுங்கள். அது சொல்லும் ஆண்டு, பெயர், சட்டப் பிரிவு எதையும் புத்தகத்தில் பார்க்காமல் எடுத்துக்கொள்ளாதீர்கள். சரளமான நடையில் தவறான தகவல் தருவது அதற்குச் சகஜம்.

பிளஸ் டூ வரை தமிழ் வழி. புத்தகம் ஆங்கிலத்தில் இருப்பதால் ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம் ஆகிறது.

வேகம் குறைவாக இருப்பதற்கு உங்கள் அறிவு காரணமில்லை. ஒவ்வொரு வரியிலும் மொழியும் கருத்தும் சேர்ந்து தாக்குகின்றன. இரண்டையும் பிரியுங்கள்.

அலகை முதல் பக்கத்திலிருந்து தொடங்காதீர்கள். கடைசியில் உள்ள சுருக்கத்தையும் அருஞ்சொற்களையும் முதலில் படியுங்கள். 10 கலைச்சொற்களை எடுத்து, நோட்டில் இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழில் பொருளும் உங்கள் வாழ்க்கையிலிருந்து ஒரு உதாரணமும் எழுதுங்கள். பொருளாதாரத்தில் ‘ஆப்பர்ச்சூனிட்டி காஸ்ட்’ என்று வருகிறதா? ஒன்றைத் தேர்ந்தெடுப்பதால் கைவிடும் அடுத்த நல்ல வாய்ப்பின் மதிப்பு அது. ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைமை விட்டுவிட்டுப் படிக்க உட்கார்ந்தால், கிடைக்காமல் போன அந்த ஓவர்டைம் பணம்தான் உங்கள் படிப்பின் ஆப்பர்ச்சூனிட்டி காஸ்ட். இப்படி எழுதிய சொல் மறக்காது. பத்துச் சொல்லும் கைவந்தபின் அலகுக்குள் போனால் பக்கத்துக்கு ஆகும் நேரம் கண்ணெதிரே குறையும்.

விடையை முதலில் தமிழில் யோசித்துக் குறிப்பெடுப்பதில் எந்தக் குறையும் இல்லை. எழுதும்போது 10, 12 சொல்லுக்குள் முடியும் சின்ன ஆங்கில வாக்கியங்களாக எழுதுங்கள். நீள வாக்கியம் எழுதினால்தான் மதிப்பெண் என்பது தவறான எண்ணம். இலக்கணம் குழம்புவது அங்கேதான். சில பிளஸ் டூ பாடநூல்களும் பக்கத்துணையாக உதவும்: வரலாறு, பொருளியல், வணிகவியல் மூன்றுக்கும் மாநிலப் பாடநூல்களின் தமிழ்ப் பதிப்பு இணையத்தில் இலவசம். அடிப்படையைத் தமிழில் பிடித்துக்கொண்டு பிறகு இக்னோ புத்தகத்துக்கு வரலாம்.

பயண நேரத்தை வீணாக்காமல் இருப்பது எப்படி?

ஓடும் பஸ்ஸில் போனில் பிடிஎஃப் படிக்க வேண்டாம். தலை சுற்றும், தாம்பரத்தில் படித்தது கிண்டியில் மறந்துபோகும். காது நேரத்துக்கு உங்கள் குரலே போதும். எலும்புக்கூட்டுத் தாளைப் பார்த்து, ஒரு கேள்வி, 15 வினாடி மௌனம், பிறகு விடைக் குறிப்பு என்று போனில் பதிவு செய்யுங்கள். ஒரு கேள்விக்கு ஒன்றரை நிமிடம். 20 கேள்விகள் அரை மணி நேரம் ஓடும். அந்த 15 வினாடியில் நீங்கள் மனதுக்குள் விடை சொல்ல வேண்டும். மௌனம் வைக்காமல் விடையை மட்டும் பதிந்தால் அது பாட்டுக் கேட்பதுபோல் ஓடிப்போகும். வண்டி ஓட்டும்போது மட்டும் எதுவும் காதில் வேண்டாம்.

டீ குடித்துக் குடித்து இரவு 1 மணி வரை படிக்கிறேன். சரியா?

காஃபீனில் பாதி உடம்பை விட்டு வெளியேறச் சராசரியாக 5 மணி நேரம் ஆகிறது. இரவு 9 மணி டீயில் பாதி, 2 மணிக்கும் உங்கள் ரத்தத்தில் இருக்கும். படித்தது நினைவில் பதிய ஆழ்ந்த தூக்கம் வேண்டும். கடைசி டீ மாலை 5 மணிக்குள். தூக்கத்தை 6 மணி நேரத்துக்குக் கீழே கொண்டுபோய் எடுத்த படிப்பு நேரம் மறுநாளே திரும்பப் போய்விடும்.

வீட்டில் உட்கார்ந்தாலே ஏதாவது வேலை வந்துவிடுகிறது. குழந்தை, சமையல், மாமியார் மருந்து...

வேலைக்குப் போகும் பெண்கள் அதிகம் கேட்பது இது. ‘நேரம் கிடைக்கும்போது படிக்கிறேன்’ என்று சொன்னால் வீட்டில் எல்லாருடைய தேவையும் அந்த நேரத்துக்கு முன்னால் வந்து நிற்கும். குறிப்பாகக் கேளுங்கள்: ‘செவ்வாயும் வியாழனும் ராத்திரி 8 மணியிலிருந்து 9:30 வரைக்கும் என்னைக் கூப்பிடாதீங்க. சாப்பாடு 7:30-க்கே வெச்சிடறேன். பாப்பாவைப் படுக்க வைக்கிறது உங்க பொறுப்பு.’ நாள், நேரம், யார் பொறுப்பு என்ற மூன்றும் இருந்தால்தான் அது ஏற்பாடு ஆகும். தேர்வு மாதத்துக்குத் தனியாகக் கேளுங்கள், முடியும் தேதியையும் சொல்லுங்கள். முடிவு தெரிந்த உதவியை வீட்டார் மனம் கோணாமல் செய்வார்கள்.

வீட்டில் இடமே இல்லை என்றால் பக்கத்துக் கிளை நூலகத்தைப் பாருங்கள். சென்னைக்காரர்களுக்குக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கத் தனிப் பிரிவே இருக்கிறது. மதுரைக்காரர்களுக்குக் கலைஞர் நூற்றாண்டு நூலகம்.

தேர்வுக்கு லீவு கேட்டால் முகம் சுளிக்கிறார்கள்.

தேதி தெரிந்தபின் கேட்பதால்தான் சுளிப்பு. தேர்வுகள் ஜூனிலும் டிசம்பரிலும்தான் என்பது ஆண்டு முன்பே தெரியும். பதிவு செய்த உடனேயே மேற்பார்வையாளரிடம், ‘சார், டிசம்பரில் இரண்டு நாள் எனக்குப் பரீட்சை இருக்கும், தேதி வந்ததும் சொல்கிறேன்’ என்று வாய்வார்த்தையாகச் சொல்லிவையுங்கள். உத்தேச அட்டவணை வந்ததும் எழுத்தில் கொடுங்கள், இறுதி அட்டவணையில் தேதி மாறினால் அன்றே திருத்திக் கொடுங்கள். காலைத் தேர்வு 10 முதல் 1, மதியத் தேர்வு 2 முதல் 5 என்று இருப்பதால் சில தேர்வுகளுக்கு அரை நாள் லீவோ, சக ஊழியருடன் ஷிப்ட் மாற்றிக்கொள்வதோ போதும். நைட் ஷிப்ட் முடித்து நேரே தேர்வறைக்குப் போகும் நிலைமையை மட்டும் எந்த விலை கொடுத்தாவது தவிர்த்துவிடுங்கள்.

தேர்வுக்கு ஆறு வாரம் இருக்கிறது. எங்கே தொடங்குவது?

பழைய கேள்வித்தாளில். இக்னோ இணையதளத்தில் ஜூன், டிசம்பர் தாள்கள் இலவசமாகக் கிடைக்கும். 5 ஆண்டு, 10 தாள். ஒரு தாளில் கட்டம் போட்டு, இடப்பக்கம் அலகுகள், மேலே 10 தேர்வுகள். எந்த அலகிலிருந்து எப்போது கேள்வி வந்தது என்று புள்ளி வையுங்கள். அரை மணி நேர வேலை. 6, 7 புள்ளி உள்ள அலகுகள் முதல் மூன்று வாரத்துக்கு. ஒன்றிரண்டு புள்ளி உள்ளவை அடுத்த இரண்டு வாரத்துக்கு. கடைசி வாரம் புதிதாக எதுவும் வேண்டாம்.

இன்னொன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: கை. நாள் முழுக்கக் கீபோர்டிலும் போனிலும் இருக்கும் விரல்கள் 3 மணி நேரம் பேனா பிடித்து ஆண்டுகள் ஆகியிருக்கும். ஒரு மணி நேரத்தில் கட்டைவிரல் அடியில் வலி எடுக்கும், கையெழுத்து சாயும், தெரிந்த விடையே பாதியில் நிற்கும். முதல் வாரம் இடைவிடாமல் 30 நிமிடம், இரண்டாம் வாரம் 50, நான்காம் வாரம் 90, ஐந்தாம் வாரம் ஒரு முழுத் தாள் 3 மணி நேரம் என்று ஏற்றுங்கள். தேர்வுக்கு எடுத்துப்போகும் அதே பேனாவால் எழுதுங்கள். பேனாவை இறுக்கிப் பிடிப்பவர்கள் கொஞ்சம் தடித்த பேனாவுக்கு மாறினால் வலி குறையும்.

தேர்வறையில் நேரம் போதவில்லை. ஐந்தாவது கேள்வி எப்போதும் பாதியில் நிற்கிறது.

5 கேள்வி, தலா 20 மதிப்பெண், 180 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். கேள்வித்தாள் வாசிக்கவும் தேர்ந்தெடுக்கவும் 5 நிமிடம். ஒவ்வொரு விடைக்கும் 33 நிமிடம், ஆக 165. மீதி 10 நிமிடம் சரிபார்க்க. 33 நிமிடத்தில் நிமிடத்துக்கு 15 சொல் வீதம் சுமார் 500 சொல் எழுதலாம். அசைன்மென்ட்டில் நீங்கள் பழகிய அதே அளவு.

நன்றாகத் தெரிந்த முதல் கேள்விக்கு 55 நிமிடம் கொடுப்பதுதான் கவிழ்க்கிறது. கூடுதல் 20 நிமிடத்தில் முதல் விடை 12-லிருந்து 14 ஆகலாம். அதே 20 நிமிடம் ஐந்தாவது விடைக்குப் போனால் பூஜ்யம் 8 ஆகும். ஒவ்வொரு விடையும் எத்தனை மணிக்கு முடிய வேண்டும் என்று கேள்வித்தாள் ஓரத்தில் முதலிலேயே எழுதிவிடுங்கள்: 10:38, 11:11, 11:44, 12:17, 12:50. நேரம் வந்ததும் அரைப் பக்கம் இடம் விட்டு அடுத்ததுக்குப் போங்கள்.

ஒரு பாடம் போய்விட்டது. மறுபடி எல்லாம் எழுத வேண்டுமா?

வேண்டாம். அசைன்மென்ட்டிலும் தேர்விலும் தனித்தனியாகத் தேற வேண்டும்: இளநிலையில் 35 சதவீதம், முதுநிலையில் 40. எதில் தேறினீர்களோ அது அப்படியே நிற்கும், போனதை மட்டும் அடுத்த பருவத்தில் எழுதினால் போதும். தேறாதது அசைன்மென்ட் என்றால் அப்போது நடப்பில் உள்ள புதிய கேள்விகளுக்கு எழுத வேண்டும், பழையதைத் திருப்பிக் கொடுக்க முடியாது.

தேர்வு முடிந்ததும் செய்ய வேண்டியது ஏதாவது?

கடைசித் தேர்வு முடிந்த இரண்டு நாளுக்குள், நினைவு பசுமையாக இருக்கும்போதே, எந்தக் கேள்வியில் நேரம் போனது, எந்த அலகு கைகொடுத்தது என்று அரைப் பக்கம் எழுதி எலும்புக்கூட்டுத் தாள்களுடன் கிளிப்பில் வையுங்கள். அடுத்த ஆண்டுக்கோ செமஸ்டருக்கோ மறுபதிவுத் தேதி எப்போது என்று பார்த்து போனில் அலாரம் வையுங்கள். தேர்வு முடிவுக்காகக் காத்திருந்து மறுபதிவைத் தவறவிட்டு, ஒரு பருவத்தை இழப்பவர்கள் நிறைய. முடிவு வந்ததும் மதிப்பெண் பட்டியலில் அசைன்மென்ட் மதிப்பெண்ணும் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ரசீதின் நகலோடு ஸ்டடி சென்டருக்குக் கடிதம் கொடுங்கள். அங்கே தீராவிட்டால் சென்னை அல்லது மதுரை மண்டல மையத்துக்கு எழுதுங்கள், பதிவு எண்ணும் பாடக் குறியீடும் கடிதத்தின் முதல் வரியிலேயே இருக்கட்டும்.